வீட்டுக்கு வரும் செவிலியரை எந்தக் கணக்கில் எழுதுவது?

பக்கவாதம் வந்து வார்டில் கிடந்த முதியவரை வீட்டுக்கு அனுப்பும்போது குடும்பத்தின் கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி கொடுப்பார்கள். எந்த மாத்திரை எந்த வேளைக்கு, மறுபடி எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரவில் எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி விடும்போது தலையை எவ்வளவு உயர்த்துவது, சிறுநீர்க் குழாயை யார் வந்து மாற்றுவார்கள், காற்றுப் படுக்கை எங்கே கிடைக்கும் என்பவை பெரும்பாலும் இருக்காது. இத்தனையையும் செய்யப்போகிற மனைவியின் அல்லது மருமகளின் முதுகுவலி நிச்சயமாக இருக்காது. நரம்பு டாக்டர் மூளையைப் பார்க்கிறார், சர்க்கரை டாக்டர் சர்க்கரையைப் பார்க்கிறார், பிசியோதெரபிஸ்ட் கைகாலைப் பார்க்கிறார். ஆளை முழுசாகவும், அவரைத் தாங்கும் வீட்டைச் சேர்த்தும் பார்க்க ஒருவர் வேண்டும் என்ற எண்ணத்தில் உருவான பதவிதான் கேஸ் மேனேஜர் நர்ஸ். இந்தக் கட்டுரையில் அவரை ஒருங்கிணைப்புச் செவிலியர் என்று அழைக்கிறேன்.

ஊசி போடுவதும் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் அவருடைய தலையாய வேலை அல்ல. வீட்டுக்குப் போய் மதிப்பிடுகிறார், திட்டம் போடுகிறார், மருத்துவர், மருந்தகம், சமூகநலத் துறை, மருத்துவமனை எல்லோரையும் அந்தத் திட்டத்துக்குள் இழுத்து வருகிறார், நிலைமை மாறும்போது திட்டத்தை மாற்றுகிறார். அவர் பையில் இரண்டு விதமான படிவங்கள் இருக்கும். ஒன்று நோயாளிக்கு: 1965இல் வெளியான பார்த்தல் அளவுகோல் போன்றது. சாப்பிடுவது, குளிப்பது, கழிப்பறைக்குப் போவது, படியேறுவது என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், மொத்தம் நூறு. இன்னொன்று பராமரிப்பவருக்கு: ஸ்டீவன் சாரிட்டும் அவர் சகாக்களும் 1980இல் 29 கேள்விகளோடு வெளியிட்டு, பின்னர் 22 கேள்விகளாகச் சுருங்கிய சுமை அளவுகோல். உங்களுக்கென்று நேரம் இல்லாமல் போய்விட்டதா, அவர் பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா என்கிற ரகத்துக் கேள்விகள் அதில் உண்டு. நம் வீடுகளில் மாமியாரை வைத்துக்கொண்டு மருமகளிடம் கேட்க முடியாத கேள்விகள்தான். கேட்கத் தெரிந்த செவிலியர் அவரை அடுக்களைக்கோ வாசலுக்கோ தனியாக அழைத்துப் போய்த்தான் கேட்பார்.

வீடு தேடிப் போகும் செவிலியர் புதியவர் அல்ல. 1859இல் லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன் ஏழைகளின் வீட்டுக்குச் செவிலியரை அனுப்பத் தொடங்கினார். 1893இல் லிலியன் வால்ட் நியூயார்க்கின் கிழக்குப் பகுதிக் குடியேறிகளின் மாடிப்படிகளை ஏறினார். புதிதாக வந்தது அரசின் எதிர்பார்ப்பு. முதியோர் தொகை பெருகி, மருத்துவமனைப் படுக்கைகள் அவர்களால் நிரம்பத் தொடங்கியபோது, இந்தச் செவிலியரை வைத்தால் படுக்கைகள் காலியாகும், செலவு குறையும் என்று கணக்குப் போட்டார்கள். கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகளின் வெற்றி தோல்வி எல்லாமே இந்தக் கணக்கைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன. அந்தக் கணக்கே தப்பான பேரேட்டில் எழுதப்பட்டது என்பது என் கருத்து.

முதல் பெரிய சோதனை அமெரிக்காவில் 1982 முதல் 1985 வரை பத்து இடங்களில் நடந்த ‘சேனலிங்’ திட்டம். 6,300க்கும் மேற்பட்ட தளர்ந்த முதியவர்கள் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஐந்து இடங்களில் ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்லும் உரிமை மட்டும். மற்ற ஐந்தில் எந்தச் சேவைக்கு எவ்வளவு செலவிடலாம் என்று முடிவெடுக்கும் உரிமையும் இருந்தது. முதியோர் இல்லங்களுக்குப் போகிறவர்கள் குறைவார்கள், மிச்சமாகும் பணத்தில் வீட்டுச் சேவைகளை நடத்தலாம் என்று நம்பினார்கள். மிச்சம் ஆகவில்லை, செலவு கூடியது. தேர்ந்தெடுத்த முதியவர்களில் பெரும்பாலோர் உதவி இல்லாவிட்டாலும் இல்லத்துக்குப் போகிறவர்களாக இருக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் நிறைவேறாமல் கிடந்த தேவைகள் குறைந்தன, முதியவர்களும் அவர்களைக் கவனித்த உறவினர்களும் வாழ்க்கையில் கொஞ்சம் கூடுதல் திருப்தியைச் சொன்னார்கள். அறிக்கையை நம்பிக்கையோடு திறந்த நிதித்துறை ஆட்களுக்கு இது ஆறுதல் பரிசாகத்தான் பட்டிருக்கும்.

இருபது ஆண்டு கழித்து இங்கிலாந்து இதே பாதையில் வேகமாகப் போனது. அமெரிக்காவின் யுனைட்டட்ஹெல்த் நிறுவனம் ‘எவர்கேர்’ என்ற பெயரில் முதியோர் இல்லங்களுக்குள் உயர்பயிற்சி பெற்ற செவிலியரை வைத்து, மருத்துவமனைக்குப் போவதை வெகுவாகக் குறைத்துக் காட்டியிருந்தது. அதே முறையை 2003இல் இங்கிலாந்தின் ஒன்பது வட்டாரங்களில் சொந்த வீட்டில் வாழும் முதியவர்களிடம் சோதித்தார்கள். முடிவு வரும் முன்பே, 2008க்குள் இதே வேலைக்கு ‘சமூக மேட்ரன்’ என்ற பெயரில் 3,000 செவிலியர்கள் நியமிக்கப்படுவார்கள் என்று 2004இல் அறிவித்தாயிற்று. ஹியூ கிராவெல் குழுவின் ஆய்வு 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தபோது, அவசரச் சேர்க்கையிலோ படுக்கை நாட்களிலோ இறப்பிலோ சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை. நோயாளிகளும் குடும்பங்களும் மட்டும் இந்தச் செவிலியர் போய்விடக்கூடாது என்றார்கள்.

ஏன் எண்கள் அசையவில்லை? ஒரு விடை புள்ளியியலில் இருக்கிறது. இந்தத் துறையில் யாராவது திட்டம் தீட்டினால் முதலில் அவர்களுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டியது அதைத்தான். எவர்கேர் முதியவர்களைத் தேர்ந்தெடுத்த வழி, போன வருடம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை அவசரமாகச் சேர்க்கப்பட்டவர் என்பது. மார்ட்டின் ரோலண்டும் சகாக்களும் 2005இல் இங்கிலாந்தின் மருத்துவமனைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். 65 வயதைக் கடந்தவர்களில் இப்படிப்பட்டவர்கள் அந்த ஆண்டின் சேர்க்கைகளில் 38 விழுக்காடு. அடுத்த ஆண்டிலேயே அவர்கள் பங்கு 10 விழுக்காட்டுக்கும் கீழே. ஐந்தாம் ஆண்டில் 3 விழுக்காடு சொச்சம். சிலர் இறந்துவிடுகிறார்கள். உயிரோடு இருக்கிறவர்களிலும் பலருக்கு அந்த மோசமான வருடம் தானாகவே கடந்துபோகிறது. எனவே செவிலியரை அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் சேர்க்கை குறையும். ஒப்பிட வேறு குழு இல்லாமல் முன்னும் பின்னும் மட்டும் பார்த்தால் எந்தத் திட்டமும் வெற்றி பெற்றது போலத் தெரியும். நம் ஊர்த் திட்ட அறிக்கைகளில் காணும் பல வெற்றிகளுக்கும் இந்தச் சந்தேகம் பொருந்தும்.

இன்னொரு விடை கொஞ்சம் சங்கடமானது. கவனமாகப் பார்க்கும் ஒருவர் வீட்டுக்குள் நுழைந்தால், இதுவரை யாரும் பார்க்காத நோய்களும் அகப்படும். மறைந்திருந்த நெஞ்சுச் சளி, குறைந்துபோன சோடியம், செருப்புக்குள் அழுகிய விரல். கண்டுபிடித்த பிறகு சேர்க்காமல் இருக்க முடியுமா? கிராவெல் குழுவே தங்கள் முடிவுக்கு இப்படி ஒரு விளக்கம் இருக்கலாம் என்று எழுதியது. சேர்க்கை கூடுவது சில வீடுகளில் நல்ல செவிலியத்தின் அடையாளம்.

மருத்துவமனைக் கணக்கிலேயே தெளிவாக ஜெயித்த ஆய்வுகளும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மேரி நெய்லர் 1999இல் வெளியிட்ட சோதனையில் 363 முதியவர்கள். ஒரே செவிலியர் வார்டில் இருக்கும்போதே நோயாளியைச் சந்தித்து, டிஸ்சார்ஜைத் திட்டமிட்டு, வீட்டுக்கும் பின்தொடர்ந்து வந்தார். 24 வாரத்துக்குள் மறுபடி சேர்ந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 37 விழுக்காடு, இந்தக் குழுவில் 20. வட இத்தாலியின் ரொவெரெத்தோ நகரில் ராபெர்தோ பெர்னாபெயி குழு 200 முதியவர்களிடம் ஓராண்டு நடத்தி 1998இல் வெளியிட்ட சோதனையிலும் சேர்க்கைகள் குறைந்து, தாமதமாகி, செலவும் இறங்கியது. நெய்லர் எடுத்துக்கொண்டது மிகக் குறுகிய காலம், மிக ஆபத்தான காலம்: மருத்துவமனை கைவிட்டு வீடு கையேற்கும் அந்தச் சில வாரங்கள். ரொவெரெத்தோவில் முதியோர் மதிப்பீட்டுக் குழுவும் குடும்ப மருத்துவரும் சமூக சேவையும் ஒரே ஏற்பாட்டுக்குள் இருந்தன. ஒருங்கிணைப்பாளர் ஒரு சேவையைக் கேட்டால் அதைக் கொடுக்க எதிரில் ஆள் இருந்தார். சுற்றிலும் சேவையே இல்லாத இடத்தில் ஒருங்கிணைக்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்குச் செயலால் பதில் சொன்ன இடமாக ஸ்பெயினின் தென்பகுதி மாநிலமான அந்தலூசியாவைச் சொல்வேன். வயதானவர்களைக் குடும்பமே, குறிப்பாக மகள்களே, வீட்டில் வைத்துப் பார்ப்பது அங்கே நெடுங்கால வழக்கம். அந்த விதத்தில் நமக்கு அந்நியமான ஊர் அல்ல. அந்தலூசிய அரசு 2002 ஏப்ரலில் குடும்பங்களுக்கு ஆதரவு தரும் ஆணை ஒன்றை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாக ஆரம்ப சுகாதார மையங்களில் இணைப்புச் செவிலியர்கள் நியமிக்கப்பட்டு, பின்னர் கேஸ் மேனேஜர்கள் ஆனார்கள். சிறப்பு என்னவென்றால், வீட்டிலேயே கிடப்பவர் எப்படி அவர் பொறுப்போ, அவரைக் கவனிப்பவரும் அப்படியே அவர் பொறுப்பு என்று தொடக்கத்திலேயே வரையறுத்தது. தலைமாட்டை உயர்த்தும் கட்டில், புண் வராமல் தடுக்கும் மெத்தை, ஆளைத் தூக்கி நாற்காலியில் உட்கார்த்தும் தூக்கி போன்றவற்றை வீட்டுக்கு வரவழைக்கும் ஏற்பாடும் இந்தச் செவிலியரின் மதிப்பீட்டோடு கட்டப்பட்டது. பிறகு கடுமையான பராமரிப்பில் இருப்பவர்களுக்குத் தனி அட்டையும் வந்தது. அதைக் காட்டினால் சந்திப்பு நேரத்தில் முன்னுரிமை கிடைக்கும், வார்டில் உடன் தங்குவது எளிதாகும்.

ஹொசே மிகேல் மொராலெஸ் அசென்சியோ தலைமையில் இத்திட்டத்தை மதிப்பிட்ட ஆய்வு 2008இல் வந்தது. குலுக்கல் முறைச் சோதனை இல்லை என்ற குறை அதற்கு உண்டு. நோயாளிகளின் செயல்திறன் மேம்பட்டது, பராமரிப்பவரின் சுமை குறைந்தது, பிசியோதெரபி, சமூக சேவகர் போன்ற சேவைகள் எளிதில் கிடைத்தன, திருப்தி கூடியது என்பவை அதன் முடிவுகள். இங்கிலாந்தில் பக்கவிளைவாகத் தெரிந்த விஷயம் அந்தலூசியாவில் நோக்கமாகவே எழுதப்பட்டிருந்தது. அதனால்தான் அங்கே அது தோல்வி என்று பதிவாகவில்லை.

பராமரிப்பவரை இன்னொரு நோயாளியாகக் கருதுவது வெறும் இரக்கம் அல்ல. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கணவனையோ மனைவியையோ கவனித்துக்கொண்டு அதில் மன அழுத்தத்தையும் உணர்ந்த முதியவர்கள், கவனிக்க வேண்டிய நிலையில் இல்லாதவர்களைவிட நான்கு ஆண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு 63 விழுக்காடு அதிகம் என்று தெரிந்தது. கவனித்தும் அழுத்தம் உணராதவர்களிடம் இந்த வித்தியாசம் இல்லை. கொல்வது வேலை மட்டும் அல்ல, அதன் கீழே நசுங்குவது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் அல்சைமர் நோயாளிகளின் துணைவர்கள் 406 பேரிடம் பல ஆண்டு நடத்திய சோதனை இதன் மறுபக்கம். நோயாளிக்கு எந்த மருந்தும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. துணைவருக்கும் மற்ற உறவினர்களுக்கும் சில ஆலோசனை அமர்வுகள், பிறகு ஒரு ஆதரவுக் குழு, எப்போது வேண்டுமானாலும் தொலைபேசியில் கூப்பிடலாம் என்ற உரிமை. நோயாளிகள் முதியோர் இல்லத்துக்குப் போவது இடைநிலைக் கணக்கில் 557 நாள் தள்ளிப்போனது. இத்தனைக்கும் அந்த அமர்வுகளில் பெரும்பாலும் பேசியது, வெளியூரில் இருக்கும் அண்ணனும் தங்கையும் எதில் கைகொடுப்பார்கள் என்பது போன்ற வீட்டு விவகாரம்தான்.

எல்லா ஆய்வும் இவ்வளவு தித்திப்பாக இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ‘கைடட் கேர்’ திட்டத்தில் ஒரு செவிலியருக்கு 50 முதல் 60 நோயாளிகள். பராமரிப்பவர்கள் கவனிப்பின் தரத்தைப் புகழ்ந்தார்கள், ஆனால் அவர்களுடைய மனச்சோர்வோ சுமையோ அளவுகோலில் குறையவில்லை. மறதிநோய்க்கான கேஸ் மேனேஜ்மென்ட் பற்றி 13 சோதனைகளையும் 9,615 பேரையும் சேர்த்து 2015இல் வெளியான காக்ரேன் தொகுப்பு, ஆறாம் மாதத்திலும் பதினெட்டாம் மாதத்திலும் இல்லத்துக்குப் போவது குறைவு என்றது. இடையிலும் பிறகும் அந்த வித்தியாசம் உறுதியாக இல்லை. பராமரிப்பவரின் சுமை ஆறாம் மாதத்தில் குறைந்ததற்கு அறிகுறி உண்டு என்றது. மருத்துவ இதழ்களில் இப்படிப்பட்ட முடிவைக் கலவையானது என்பார்கள். கைடட் கேரையும் மிட்டல்மன் திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது: நோயாளியின் பல நோய்களை ஒழுங்குபடுத்த வந்தவர் போகிற போக்கில் குடும்பத்தையும் விசாரித்தால் பாராட்டு கிடைக்கும், குடும்பத்துக்காகவே வந்தால்தான் சுமை இறங்கும்.

ஒருவர் எத்தனை வீடு பார்ப்பது என்பது சலிப்பூட்டும் நிர்வாகக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் திட்டம் பிழைப்பதும் சாவதும் அதில்தான். 2000இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கிய ஜப்பான் அதை விதிமுறையிலேயே வைத்தது. ஒவ்வொரு பயனாளிக்கும் ஒரு பராமரிப்பு மேலாளர் உண்டு. ஆரம்பத்தில் இவர்களில் செவிலியர்கள் நிறைய இருந்தார்கள். மேலாளர் மாதாமாதம் வீட்டுக்குப் போகிறார், அவர் கையில் 35 பேர் என்பதுதான் நீண்ட காலம் அடிப்படை அளவாக இருந்தது. மற்ற சேவைகளுக்குப் பயனாளி பத்தில் ஒரு பங்காவது கட்டுகிறார், திட்டம் போட்டுத் தரும் இந்த வேலைக்கு மட்டும் கட்டணம் இல்லை. முக்கியமாக, மேலாளர் எழுதும் திட்டத்தின்படிதான் காப்பீட்டுப் பணம் சேவை நிறுவனங்களுக்குப் போகிறது. பகல்நேரப் பராமரிப்பு மையமோ சில நாள் தங்கலோ வேண்டும் என்று அவர் எழுதினால் அது காகிதத்தோடு நிற்பதில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமாக இருப்பது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டிலேயே தருகிறார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வட்டார அளவில் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். தொடங்கிய காலத்தில் இதை மருந்து விநியோகம் என்று மட்டும் பேசியவர்கள் இந்த இரண்டாம் பகுதியைக் கவனிக்கவில்லை. புண்ணைச் சுத்தம் செய்து, குழாயை மாற்றி, கைகாலை அசைத்துவிட்டுப் போகும் அந்த வண்டி வராவிட்டால் மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத வீடுகள் நிறைய. ஆனால் ஒரு வட்டாரத்துக்கு ஓரிரு கைகள் என்றால் அது சுற்றுப்பயணம்தான், ஒருங்கிணைப்பு ஆகாது. செவிலியரின் பதிவேட்டில் நோயாளிக்குத்தான் வரிசை எண், பராமரிப்பவர் பெரும்பாலும் தொடர்பு எண்ணாகவே வருகிறார்.

கேரளம் வேறு வழியாக வந்தது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலித்தணிப்பு இயக்கம் மலப்புறத்து ஊர்த் தொண்டர் வலையாக வளர்ந்து, 2008இல் அரசின் கொள்கையாயிற்று. இன்று உள்ளாட்சிகளின் செலவில் சமூகச் செவிலியர்கள் வீடுகளுக்குப் போகிறார்கள், ஊர்க்காரர்கள் உடன் போகிறார்கள். முழுநேரமும் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தொகை சிறியது, கேலிக்கு இடம் தரும் அளவு சிறியது. ஆனாலும் பராமரிப்பவர் என்றொரு ஆள் இருக்கிறார் என்று அரசுப் பேரேடு அதில் ஒப்புக்கொள்கிறது.

கோவாவில் அமித் தியாஸ் குழு 81 குடும்பங்களோடு நடத்தி 2008இல் வெளியிட்ட சோதனை இந்தியச் சூழலுக்கு மிக முக்கியம் என்பேன். உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற, நிபுணர் அல்லாத வீட்டு ஆலோசகர்கள் மறதிநோய் உள்ளவர்களின் வீட்டுக்கு ஆறு மாதம் போனார்கள். நோய் என்ன என்று விளக்கினார்கள், ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்று சொன்னார்கள், அரசு உதவித்தொகைக்கு வழி காட்டினார்கள். நோயாளியின் தொந்தரவுகளில் உறுதியாகச் சொல்லும் மாற்றம் இல்லை. பராமரிப்பவரின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. நோய் மாறாமலே வீடு மாறும் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடையாது.

எதிர்வாதம் ஒன்றையும் வைத்தாக வேண்டும். ஸ்பெயின் சமூகவியலாளர் மரியா ஆன்ஹெலெஸ் துரான் நோயின் கண்ணுக்குத் தெரியாத செலவுகளைப் பற்றி நெடுங்காலம் எழுதியவர். மருத்துவத்தின் பெரும்பகுதி வீட்டில், சம்பளமில்லாமல், பெண்களால் நடக்கிறது என்பதை அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கண்ணால் பார்த்தால் ஒருங்கிணைப்புச் செவிலியர் மருமகளுக்கு மூக்குக் குழாய் போடப் பயிற்சி தருவது, மருத்துவமனை வேலையைச் செலவில்லாமல் அடுக்களைக்குள் தள்ளுவதாகவும் ஆகலாம். ஜப்பான் தன் காப்பீட்டில் குடும்பத்துக்கு ரொக்கம் தராமல் சேவையாகவே தந்ததற்கு ஒரு காரணம் இந்தப் பயம்: பணம் கொடுத்தால் மருமகள் வீட்டோடு கட்டிப்போடப்படுவாள் என்று அங்கே பெண்கள் அமைப்புகள் வாதாடின. ஸ்பெயினில் 2006இன் சார்புநிலைச் சட்டம் குடும்பப் பராமரிப்பாளருக்கான ரொக்கத்தை விதிவிலக்காகத்தான் வைத்தது. நடைமுறையில் அது பரவலான வழியாகிவிட்டது. அவர்களுக்காக அரசு கட்டிவந்த சமூகப் பாதுகாப்புத் தொகை 2012இன் சிக்கன நடவடிக்கையில் நின்று, 2019இல்தான் திரும்பியது. சொந்தக் காசில் கட்டியவர்கள் தவிர, மற்றப் பெண்களின் ஓய்வூதியக் கணக்கில் அந்த ஏழு வருடமும் வெற்றுப் பக்கம்.

அதிகாரிகளின் பயம் இதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கும்: அரசு வீட்டுக்குள் வந்தால் பிள்ளைகள் கை கழுவிவிடுவார்கள். சேனலிங் இதையும் அளந்தது. வெளி உதவி கணிசமாகக் கூடிய பிறகும் குடும்பம் செய்துவந்த கவனிப்பு பெரிதாகக் குறையவில்லை.

நம் நோய் ஆதரவுச் செவிலியரின் பையில் இரத்த அழுத்தக் கருவி ஏற்கெனவே இருக்கிறது. கட்டிலில் இருப்பவருக்குப் பார்த்த கையோடு கட்டிலருகே நிற்பவருக்கும் பார்த்து, அவர் பெயரில் ஓர் அட்டை போட்டு, இரவில் எத்தனை மணிநேரம் தூங்குகிறார் என்று அதில் ஒரு வரி எழுத இன்றைக்கே முடியும், கூடுதல் செலவு இல்லை. அந்த வரியில் இரண்டு மணிநேரம் என்று எழுதியிருந்தால் அடுத்து என்ன செய்வது என்பதற்குத்தான் பணமும் ஆளும் வேண்டும்: மாதத்தில் இரண்டு இரவு நோயாளியைத் தங்கவைக்க வட்டார மருத்துவமனையில் ஒரு படுக்கை, அதற்குச் சீட்டு எழுத அந்தச் செவிலியருக்கு ஒரு கையெழுத்து.